லாரி வந்து நின்ற பிறகு: ஆய்வுக்கூடச் சிம்பன்சிகளைக் காப்பகத்தில் குடியேற்றுகிறவர்களுக்கு

ஆய்வுக்கூடத்திலிருந்து ஒரு சிம்பன்சிக்கு ஓய்வு கொடுக்கிறார்கள் என்றதும் எல்லார் மனதிலும் வருவது ஒரே காட்சிதான். கூண்டுக் கதவு திறக்கும், எதிரே புல்வெளி இருக்கும், அது துள்ளி ஓடி மரத்தில் ஏறும். நன்கொடை கேட்கும் படங்களில் அப்படித்தான் காட்டுவார்கள். வேலை பார்க்கிறவர்கள் காண்பது வேறு. கதவைத் திறந்து வைத்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அது வாசலில் குந்தியபடி ஒரு கையால் கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, மறுகையின் விரல் முதுகால் புல்லை லேசாகத் தொடும், விரலை முகர்ந்து பார்க்கும், உள்ளே போய்விடும். வாழ்நாள் முழுக்கச் சிமென்ட்டிலும் கம்பியிலும் நின்ற பாதத்துக்குப் புல் பயமுறுத்தும் சமாச்சாரம். புல்வெளிக்கு முன்னால் அதற்கு வேண்டியது இன்னொரு சிம்பன்சியின் துணை. பணம், நாள், தூக்கம் எல்லாம் கரைவது அந்தத் துணையைச் சேர்த்துவைக்கும் வேலையில்தான். இதை ஆரம்பத்திலேயே யாராவது அழுத்திச் சொல்லியிருந்தால் கட்டடத்தை வேறு மாதிரி கட்டியிருப்போம், பணத்தை வேறு மாதிரி பங்கிட்டிருப்போம் என்ற ஆதங்கம் இந்த வேலையில் இருக்கிற பலருக்கும் உண்டு. அதனால்தான் நடப்பதை நடக்கிற வரிசையிலேயே எழுதுகிறேன்.

வருகிறவை எப்படிப்பட்டவை என்பது முதலில் தெரிய வேண்டும். எய்ட்ஸ் பீதி உச்சத்தில் இருந்த 1986இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் ஆய்வுக்கென்றே சிம்பன்சிகளைப் பெருக்க ஆரம்பித்தது. எச்.ஐ.வி. கிருமி அவற்றின் உடம்பில் தங்கியது, ஆனால் மனிதர்களுக்குப் போல நோயாக முற்றுவது அரிதாக இருந்தது. எதிர்பார்த்த பயன் இல்லை, குட்டிகள் மட்டும் மிஞ்சின. 1995இல் இனப்பெருக்கத்தை நிறுத்தினார்கள். 2000 டிசம்பரில், ஆய்வுக்குத் தேவைப்படாத சிம்பன்சிகளை வாழ்நாள் முழுக்கப் பராமரிக்கும் காப்பகச் சட்டம் வந்தது. அதன்கீழ் லூசியானாவின் கீத்வில்லில் அமைந்த சிம்ப் ஹேவன், 2005இல் முதல் சிம்பன்சிகளை ஏற்றுக்கொண்டது. 2013 ஜூனில் அரசு தன் பொறுப்பில் இருந்த சுமார் 360இல் 50ஐ மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றுக்கு ஓய்வு என்று அறிவித்தது. 2015 நவம்பரில் அந்த 50ஐயும் கைவிட்டது. கணக்குப் போட்டுப் பாருங்கள்: இன்று உங்கள் வாசலுக்கு வருவது பெரும்பாலும் முப்பதைத் தாண்டியதாக இருக்கும். ஐம்பதைக் கடந்து வாழ்வதும் உண்டு. ஆக, முதுமையின் தொடக்கத்தில் இருக்கும் ஒரு ஜீவனை இன்னும் பத்து, இருபது வருஷத்துக்குப் பொறுப்பேற்கிறீர்கள்.

பணத்தை இங்கேயே பேசிவிடுவோம். ஒரு சிம்பன்சிக்கு வருஷத்துக்கு ஏறக்குறைய 20,000 டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாடு, மருத்துவம், ஆள் சம்பளம் எல்லாம் சேர்த்து. இதில் சம்பளம்தான் பெரும்பங்கு. இருபது வருஷம் இருந்தால் 4 லட்சம் டாலர். அரசுக்குச் சொந்தமான சிம்பன்சி என்றால் சட்டப்படி பராமரிப்பில் நான்கில் மூன்று பங்கும் கட்டுமானத்தில் பத்தில் ஒன்பது பங்கும் அரசு தரும், மிச்சத்தைக் காப்பகம் திரட்ட வேண்டும். அதிலும் ஒரு பொறி இருந்தது: மொத்தச் செலவுக்கு 3 கோடி டாலர் என்று உச்சவரம்பு வைத்திருந்தார்கள். 2013இல் அது தீரும் நிலைக்கு வந்து, சட்டத்தையே திருத்த வேண்டியதாயிற்று. தனியார் ஆய்வுக்கூடத்துச் சிம்பன்சிக்கு இந்த அரசுப் பணம் கிடையாது. அதனால், கொடுக்கிறவர்கள் ஒவ்வொரு சிம்பன்சிக்கும் என்ன தொகை, எத்தனை தவணையில், எப்போது தருகிறார்கள் என்பது எழுத்தில் வராமல் கையெழுத்துப் போடாதீர்கள். லைபீரியாவில் நடந்ததை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நியூயார்க் ரத்த மையத்தின் கல்லீரல் அழற்சி ஆய்வுகளுக்குப் பயன்பட்ட சிம்பன்சிகளை ஆற்றுத் தீவுகளில் குடிவைத்திருந்தார்கள். அங்கே போதிய உணவும் இல்லை, குடிநீரும் இல்லை. எல்லாம் படகில்தான் போக வேண்டும். 2015இல் பணம் நின்றது. உள்ளூர்ப் பராமரிப்பாளர்கள் கைவிடாமல் இருந்ததால் அவை பிழைத்தன. 2017இல் 60 லட்சம் டாலருக்கு உடன்பாடு வந்தது. அன்பாகப் பேசிக் கைகுலுக்கி முடித்த ஒப்பந்தம் இயக்குநர் மாறினால் காற்றில் போய்விடும்.

அடுத்தது ஆவணம். ஆய்வுக்கூடம் தரும் கோப்பு பருமனாக இருக்கும், உங்களுக்கு வேண்டியது அதில் பாதிகூட இருக்காது. கேட்டு வாங்க வேண்டியவை: எத்தனை முறை மயக்க ஊசி போட்டிருக்கிறார்கள், எந்த மருந்து, எழும்போது எப்படி இருந்தது, என்னென்ன கிருமி செலுத்தினார்கள், அது இப்போதும் உடம்பில் இருக்கிறதா, எடை ஏறி இறங்கிய வரலாறு, கடைசி இதய ஸ்கேன், கருத்தடை என்ன முறையில், எப்போது. இவற்றோடு இரண்டு கேள்வி கட்டாயம். தாய் வளர்த்ததா, மனிதர் கையில் புட்டியில் வளர்ந்ததா? இதுவரை யார் யாரோடு ஒரே கூண்டில் இருந்தது, எதற்காகப் பிரித்தார்கள்? கோப்பில் ‘முரடு’ என்று ஒரு சொல் இருக்கும், அதை நம்பி ஒன்றும் செய்ய முடியாது. அங்கே தினமும் தீனி வைத்த ஆட்களிடம் உட்கார்ந்து பேசுங்கள். எந்த மூலையில் படுக்கும், யாரைக் கண்டால் எச்சில் துப்பும், பழச்சாறு எந்தப் பக்கத்தில் கொடுத்தால் வாங்கும் என்பது அவர்களுக்குத்தான் தெரியும். அவர்களைக் கொடுமைக்காரர்களாக நினைத்து முகம் கொடுக்காமல் வருகிறவர்கள் உண்டு. கோபம் புரிகிறது, இழப்பு சிம்பன்சிக்குத்தான். கிருமி இருப்பதால் தனியே அடைக்க வேண்டும் என்றும் இல்லை. கனடாவில் கியூபெக்கின் ஃபானா காப்பகம் 1997இல் ஏற்ற பதினைந்தில் எச்.ஐ.வி. செலுத்தப்பட்டவையும் இருந்தன. கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, கடிபட்டால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற எழுத்துமூல நடைமுறை, இவை இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

கட்டடத்துக்கு வருவோம். அமெரிக்க விலங்குநலச் சட்டம் ஒரு வளர்ந்த சிம்பன்சிக்குக் கேட்கும் குறைந்தபட்சத் தரையிடம் 25.1 சதுர அடி, உயரம் 7 அடி. 2013இல் தேசிய சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு பரிந்துரைத்தது 1,000 சதுர அடி, ஏறிக் குதிக்க 20 அடி உயரம், குறைந்தது ஏழு பேர் கொண்ட குழு. அந்த 1,000 சதுர அடியை மட்டும் அரசு அப்படியே ஏற்கவில்லை. புதிதாகத் தொடங்குகிறவர்கள் பரப்பளவைப் பற்றித்தான் பேசுவார்கள். என்னைக் கேட்டால் முதலில் கதவை எண்ணுங்கள் என்பேன். எந்த அறைக்கும் இரண்டு வழிக்குக் குறையக் கூடாது. துரத்தப்படுவது ஓடி, சுற்றி, வந்த இடத்துக்கே திரும்பும்படி அறைகள் வளையமாக இணைய வேண்டும். ஒரே வாசல் உள்ள அறையில் சண்டை வந்தால் மாட்டிக்கொண்டது மூலையில் கிடந்து கடிபடும். கதவைப் பக்கவாட்டில் நகரும்படி வையுங்கள், மேலிருந்து விழும் கதவு விரலை நசுக்கும். கதவை இயக்குகிறவர் நிற்கும் இடத்திலிருந்து இரண்டு அறையும் தெரிய வேண்டும். அறைகளுக்கு இடையிலான வலை இரண்டு வகை வேண்டும்: முதல் சந்திப்புக்கு விரல் நுழையாத பொடிக்கண், பழகிய பிறகு விரல் நீட்டி உண்ணி பார்க்கிற அளவுக்குப் பெரிய கண். நட்டு போல்ட்டை உள்பக்கம் விடாதீர்கள். ஒரே இரவில் கழற்றிக் கையில் வைத்திருக்கும். அகழி வெட்டினால் சிம்பன்சிக்கு நீச்சல் வராது என்பதை மறக்க வேண்டாம், கரை படிப்படியாக ஆழமாகட்டும், நீருக்கு முன்னால் ஒரு வேலி இருக்கட்டும். கட்டி முடித்த பிறகு சுவரை உடைத்து இரண்டாம் கதவு வைப்பது எவ்வளவு செலவு என்பதை ஒப்பந்தக்காரர் வாயால் கேட்கும்போது வயிற்றெரிச்சலாக இருக்கும்.

பயணம். இதில் எல்லாரும் பார்த்துக் கற்க வேண்டியது ஃப்ளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸில் உள்ள சேவ் த சிம்ப்ஸ் காப்பகம் செய்தது. 2002இல் நியூமெக்சிகோவின் அலமகோர்டோவில் இருந்த கூல்ஸ்டன் ஆய்வுக்கூடத்தை அங்கிருந்த 266 சிம்பன்சிகளோடு ஏற்றுக்கொண்டார்கள். உடனே லாரியில் ஏற்றிவிடவில்லை. அந்தப் பழைய கட்டடத்தையே செப்பனிட்டு, சாப்பாட்டை மாற்றி, கூண்டுகளைத் திறந்து இணைத்து, அங்கேயே குழு சேர்த்தார்கள். சேர்ந்த குழுவைத்தான் ஃப்ளோரிடாவின் தீவுகளுக்குக் கொண்டுபோனார்கள். கடைசிக் குழு வந்து சேர 2011 ஆயிற்று. ஒன்பது வருஷம் தாமதம் என்று வெளியே இருப்பவர் சொல்லக்கூடும். குழு சேர்க்கும் வேலையைப் பயணத்துக்கு முன்னால் முடித்தது எவ்வளவு காயத்தைத் தவிர்த்திருக்கும் என்பது தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

நீங்கள் செய்யும்போது, பயணப் பெட்டியைச் சில வாரம் முன்பே கூண்டோடு இணைத்து வைத்து, அதிலேயே தீனி வைத்து, தானாக நுழையவும் கதவு சாத்தினால் பதறாமல் இருக்கவும் பழக்குங்கள். மயக்க ஊசி போட்டு ஏற்றுவது நமக்குச் சுலபம், அதற்கு ஆபத்து: வயிற்றில் உணவு இருந்தால் வாந்தி மூச்சுக்குழாயில் இறங்கும், உடல் வெப்பம் தாறுமாறாகும், கண் விழிக்கும்போது அறியாத இடம், ஆடுகிற தரை. நண்பர்களை அடுத்தடுத்த பெட்டியில் வையுங்கள், ஒன்றையொன்று பார்த்தால் பாதி அலறல் அடங்கிவிடும். கால்நடை மருத்துவரின் சான்றிதழ் புறப்படுவதற்கு முந்தைய பத்து நாளுக்குள் எழுதியதாக இருக்க வேண்டும். புயலோ பனியோ வந்து பயணம் தள்ளிப்போனால் அதையும் திரும்ப எடுக்க வேண்டியிருக்கும், அந்த நாளைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். உள்ளே வெப்பம் 29.5 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்ப்பதும் 12 மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் காட்டுவதும் சட்டம் கேட்பது. ஓட்டுநர் நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் தண்ணீர் கொடுப்பது நாம் செய்ய வேண்டியது.

தள்ளாமை காரணமாக நகர்த்த முடியாது என்ற வாதமும் இங்கேதான் வரும். 2019இல் அதே அலமகோர்டோவில் வேறொரு கூடத்தில் அரசு வைத்திருந்த 44 சிம்பன்சிகளைப் பயணம் தாங்காது என்று சொல்லி அங்கேயே விட முடிவெடுத்தார்கள். வழக்கு நடந்து, அது சட்டமீறல் என்று 2022 டிசம்பரில் நீதிமன்றம் சொன்னது. அதற்குள் பல இறந்துபோயிருந்தன. இதை நினைத்தால் இன்னமும் கொதிக்கிறது. ஒவ்வொரு வருஷம் தள்ளிப்போடும்போதும் ‘இது தாங்காது’ என்ற பேச்சு கொஞ்சம் கொஞ்சமாக உண்மையாகிக்கொண்டே வருகிறது.

வந்து இறங்கியதும் நோய் பரவாமல் இருக்கத் தனியே வைக்கும் காலம், சில வாரங்கள். காசநோய்ப் பரிசோதனை ஊசியைக் கண் இமையில் போடுவார்கள். வீங்குகிறதா என்று அடுத்த மூன்று நாளும் வெளியே நின்றே பார்க்கலாம், மறுபடி மயக்கத் தேவையில்லை. மலத்தில் புழு பார்க்க வேண்டும். அவற்றிடமிருந்து நமக்கு வருவதைவிட நம் சளி அவற்றுக்குத் தொற்றுவதுதான் பெரும் பயம், மூக்கு ஒழுகுகிறவர் அன்று வேலைக்கு வரக் கூடாது, அவ்வளவுதான்.

இனி அறிமுகம். இரண்டு சிம்பன்சிகளை முதன்முதலாக ஒரே அறையில் விடும் காலைப்பொழுதுபோல வயிற்றைக் கலக்குவது வேறொன்றும் இல்லை. ஆண் மயிர் சிலிர்த்து இரண்டு மடங்கு பெரிதாகி, இடமும் வலமுமாக ஆடி, ‘ஹூ ஹூ’ என்று ஏற்றிக்கொண்டே போய்க் கதவை உதைக்கும். கட்டடமே அதிரும். புதியவர்கள் இதைப் பார்த்ததும் பிரித்துவிடலாமா என்று கேட்பார்கள். சத்தம் போடுகிற சிம்பன்சியைவிடச் சத்தமே இல்லாமல் உற்றுப் பார்க்கிறதைத்தான் நான் கவனிப்பேன். பார்க்க வேண்டியவை இவை: பல் முழுக்கத் தெரிய இளிக்கிறதா, அது சிரிப்பில்லை, பயம். தாழ்ந்து, மூச்சோடு சேர்ந்த உறுமலாகக் குரல் கொடுக்கிறதா, அது வணக்கம், நல்ல சகுனம். மணிக்கட்டை மடக்கி மற்றதன் வாயருகே நீட்டுகிறதா, மற்றது அதைக் கடிக்காமல் உதட்டால் தொட்டுவிடுகிறதா. அந்த ஒரு நொடி கடந்துவிட்டால் நமக்கு மூச்சு வரும்.

முறை என்று பார்த்தால், முதலில் தூரத்திலிருந்து பார்க்க விடுவது, பிறகு பொடி வலை, பிறகு பெரிய வலை, அங்கே ஒன்றுக்கொன்று உண்ணி பார்க்கத் தொடங்கிய பிறகுதான் கதவு. குழுவில் ஒரு புதியதைச் சேர்க்கும்போது நேராகக் குழுவுக்குள் விட்டால் பழைய கூட்டாளிகள் சேர்ந்து அடிப்பார்கள். குழுவிலிருந்து சாதுவான ஒரு பெண்ணைப் பிரித்துக் கொண்டுவந்து அதோடு பழகவிட்டு, பிறகு இன்னொன்று, பிறகு இவர்கள் மூவரையும் சேர்த்து உள்ளே அனுப்புங்கள். துணைக்கு ஆள் இருந்தால் அடி பாதி குறையும். புட்டியில் வளர்ந்ததுதான் கடினம், அதற்கு வணங்கத் தெரியாது, வணங்காததால் உதைபடும், எதற்கு உதைபடுகிறோம் என்றும் புரியாது. பொறுமையான கிழவி ஒருத்தியோடு பல மாதம் விட்டால் கற்றுக்கொள்ளும். காலையில் தொடங்குங்கள், மாலையில் வேண்டாம். மருத்துவர் விடுப்பில் இருக்கும் நாளில் வேண்டாம். பெண் இணைசேரும் பருவத்தில் அதன் பின்புறம் வீங்கியிருக்கும் நாள்களில் ஆண்களைப் புதிதாகச் சேர்க்க வேண்டாம். அறையில் பழம் வைக்காதீர்கள், வைக்கோலும் உமி நீக்காத சூரியகாந்தி விதையும் சிதறி வையுங்கள், ஒவ்வொன்றாகப் பொறுக்க நேரம் ஆகும், கைக்கு வேலை இருக்கும்.

சண்டை வந்தால் என்ன செய்வது? விரல், காது, உதடு கிழிவது சகஜம், பெரும்பாலும் தானாக ஆறும், மருந்தைச் சாற்றில் கலந்து கொடுத்தால் போதும். இரண்டு மூன்று சேர்ந்து ஒன்றை அமுக்கிப் பிடித்தால் மட்டும் தாமதிக்கக் கூடாது, தப்பிக்கும் கதவைத் திறந்து தண்ணீர்க் குழாயைப் பீய்ச்சுங்கள். விதைப்பை, முகம், கால்விரல் இவற்றைத்தான் குறி வைக்கும். மற்றபடி முதல் அலறலிலேயே கதவைச் சாத்திப் பிரிக்கும் பழக்கம் பெருங்கேடு. சண்டைக்குப் பின் கட்டிப்பிடித்துச் சமாதானம் ஆவது அவற்றின் வழக்கம். அதற்கு இடம் கொடுக்காமல் பிரித்தால் பகையோடு தூங்கி, பகையோடு எழும், அடுத்த முறை இன்னும் மோசமாகும். சில ஜோடிகள் ஒரே நாளில் சேரும், சில வருஷக்கணக்கில் சேராது. சேராததை ஒப்புக்கொண்டு வேறு குழு தேடுவதற்கு அறை வேண்டும். அதனால்தான் எப்போதும் ஓர் அறைத்தொகுதியைக் காலியாக வைத்திருங்கள் என்கிறேன். நிதி தருகிறவர்களுக்குக் காலி அறை வீணாகத் தெரியும், விளக்கிச் சொல்லிப் பழகிக்கொள்ளுங்கள்.

குழு சேர்ந்த பிறகு புல் தானாக வழிக்கு வரும், ஒன்று போனால் மற்றது பின்னால் போகும். முதலில் எல்லாம் சுவரை ஒட்டியே நடக்கும். வாசலிலிருந்து சில அடி சிமென்ட்டும், அதிலிருந்து ஏறுமரத்துக்குக் கட்டைப் பாலமும் போட்டால் புல்லில் கால் படாமலே வெளியே வரும், பிறகு தானே இறங்கும். கதவைத் திறந்தே வையுங்கள், திரும்பி ஓட முடியும் என்று தெரிந்தால்தான் வெளியே வரும். ஆஸ்திரியாவில் எச்.ஐ.வி., கல்லீரல் அழற்சி ஆய்வுகளில் இருந்த சுமார் நாற்பது சிம்பன்சிகளுக்கு 1997இல் ஆய்வு நின்றது; அவற்றை வைத்திருந்த கென்செர்ன்டோர்ஃப் விலங்குப் பூங்கா 2004இல் திவாலாகி, வேறொருவர் ஏற்று, அவை வெளியே வானத்தைப் பார்த்தது 2011இல். அந்த இடைக்காலத்தில் உள்ளே பொறுமையாகக் குழு சேர்த்து வைத்திருந்தார்கள். வெளியே வந்த அன்று அவை முதலில் செய்தது ஒன்றையொன்று கட்டிப்பிடித்தது.

உணவை ஒரே நாளில் மாற்றாதீர்கள். உருண்டைத் தீவனமும் கொஞ்சம் பழமுமாக இருந்த குடலுக்குக் கூடை கூடையாகக் கீரை போட்டால் பேதிதான். வாரக்கணக்கில் ஏற்றுங்கள். பழத்தைக் குறைத்து இலையும் காயும் கூட்டுங்கள், உட்கார்ந்தே வாழ்ந்ததால் பல குண்டாக வரும், சர்க்கரை நோயும் உண்டு. வைட்டமின் சி அவற்றின் உடம்பில் உற்பத்தியாகாது என்பதைத் தீவனத்தின் காலாவதித் தேதி பார்க்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள், பழைய மூட்டையில் அது அழிந்திருக்கும். முடி பிடுங்குவது, முன்னும் பின்னும் ஆடுவது, தின்றதை வாந்தியெடுத்துத் திரும்பத் தின்பது இவையெல்லாம் துணை கிடைத்தால் குறையும், பலவற்றுக்கு முழுசாகப் போகாது. அதை நம் தோல்வியாக எடுத்துக்கொண்டு மருகுவதில் பயனில்லை.

உடல்நலத்தில் முதல் எதிரி இதயம். இதயத் தசை நாராக இறுகிப்போகும், வெளியே எதுவும் தெரியாது, நேற்றுவரை விளையாடியது காலையில் இறந்து கிடக்கும். எதற்காக மயக்கினாலும் அதோடு இதய ஸ்கேனையும் எடுத்துவிடுங்கள். வலையருகே மார்பைக் காட்டி நிற்கவும், தோளை ஊசிக்கு நீட்டவும் பழக்கினால் மயக்கமே தேவைப்படாமல் போகலாம். ஊசித் துப்பாக்கியைப் பார்த்து வளர்ந்தவற்றுக்கு இது மெதுவாகத்தான் வரும். முதலில் ஊசியில்லாத குழலைக் காட்டி, தொட்டு, தொட்ட உடனே சாறு கொடுத்து, நாளடைவில். தவிர, ஆண்களுக்குக் குடும்பக்கட்டுப்பாட்டு அறுவைச் சிகிச்சை ஆகிவிட்டது என்ற கோப்பு வரியை அப்படியே நம்பாதீர்கள். வெட்டிய குழாய் திரும்ப ஒட்டிக்கொள்ளும். சிம்ப் ஹேவனிலேயே 2007இலும் 2012இலும் எதிர்பாராமல் குட்டி பிறந்தது. பெண்களுக்கும் மாத்திரை கொடுங்கள், ஆண்களின் விந்துவைச் சோதித்துப் பாருங்கள்.

மிச்சமிருப்பது குழு தேய்வது. ஒரே வயதில் வந்தவை ஒரே காலத்தில் போகத் தொடங்கும். இறந்ததை உடனே எடுத்துவிடாமல் மற்றவை வந்து பார்க்க, முகர, உட்கார நேரம் கொடுங்கள். பார்க்காதவை நாள்கணக்கில் கதவருகே நின்று கூப்பிடும். குழு இரண்டாகச் சுருங்கும்வரை காத்திருந்தால் அடுத்த சாவில் ஒன்று தனியாகிவிடும், துக்கத்தில் இருக்கும் கிழட்டுச் சிம்பன்சியைப் புதிய குழுவில் சேர்ப்பது எல்லாவற்றையும்விடக் கஷ்டம். நான்காக இருக்கும்போதே பக்கத்துக் குழுவோடு வலைச் சந்திப்பைத் தொடங்கிவிடுங்கள், பக்கத்தில் குழு இல்லாத சிறிய காப்பகம் என்றால் எந்தக் காப்பகம் ஏற்கும், பயணச் செலவு யாருடையது என்பதை இன்றே எழுதி வாங்கிக் கோப்பில் போடுங்கள்.